கடல் தாண்டிப் போன கான்ஸ்டன்டைன் தம்பதி

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு
தேவனூர் நாடு, கொல்லிமலை



கிரிக்கெட் என்றதும் கபில்தேவ் முதல் தோனி வரை மூச்சு விடாமல் பெயர் சொல்ல நம் விடுதியில் ஆள் இருக்கு. ஆனால் அந்த ஆட்டத்தையே பிழைப்பாக நம்பி, மனைவியோடு கடல் தாண்டிப் போய்க் குடியேறிய லியரி கான்ஸ்டன்டைனை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் எடுத்த விக்கெட்டுகளுக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. ஆட்டம் ஓய்ந்த பிறகும் அந்தத் தம்பதி தலை நிமிர்ந்து நின்றார்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட்டில் 1901 செப்டம்பர் 21 அன்று பிறந்தவர் கான்ஸ்டன்டைன். முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள். அப்பா லெப்ரன் கோகோ எஸ்டேட்டில் மேற்பார்வையாளர். நல்ல ஆட்டக்காரரும்கூட. 1900இல் இங்கிலாந்து மண்ணில் முதல் சதம் அடித்த மேற்கிந்தியர் அவர்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஆட்டத்தால் பேர் கிடைத்ததே தவிர அடுப்பு எரியவில்லை. அதனால் மகன் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா வேலைக்குப் போனார். வக்கீல் ஆக வேண்டும் என்று ஆசை. கறுப்பு இளைஞனுக்கு அங்கே மேலே ஏறும் படிகள் குறைவு. படிக்கக் கையில் காசும் இல்லை.

1927இல் நார்மாவைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு மகள் குளோரியா பிறந்தாள். அதே 1928இல் மேற்கிந்திய அணியோடு இங்கிலாந்து போனார். லார்ட்ஸ் மைதானத்தில் மிடில்செக்ஸ் அணிக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 86 ரன், பிறகு 57 ரன் கொடுத்து 7 விக்கெட், இரண்டாவது இன்னிங்ஸில் 103 ரன். தோற்க வேண்டிய ஆட்டம் கைக்கு வந்தது. ஒரே ஆட்டத்தில் ஊர் முழுக்க அவர் பேச்சுதான்.

லங்காஷயர் லீக்கில் விளையாடிய நெல்சன் அணி அவரைச் சம்பளத்துக்கு அழைத்தது. நெல்சன் ஒரு பஞ்சாலை ஊர். வாரம் முழுக்கத் தறி ஓட்டிய தொழிலாளர்கள் சனிக்கிழமை மத்தியானம் டிக்கெட் வாங்கி மைதானத்துக்கு வருவார்கள். ஒவ்வொரு ஊர் அணியும் சம்பளத்துக்கு ஒரு தொழில்முறை ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் உள்ளூர் ஆட்கள். அவர் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தால்தான் கிளப்புக்கு வருமானம்.

1929இல் கணவனும் மனைவியும் அங்கே போய் இறங்கினார்கள். குளிர் ஒரு பக்கம், தனிமை ஒரு பக்கம். அந்த ஊர்க்காரர்களில் பலர் அதற்கு முன் கறுப்பு மனிதர்களைப் பார்த்ததே இல்லை. சின்னப் பசங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்பாங்க. வசைக் கடிதங்களும் வந்தன. அவருக்காவது மைதானம் இருந்தது, கைதட்டல் இருந்தது. நார்மாவுக்கு என்ன இருந்தது? நாலு சுவர்தான். முதல் பருவம் முடிந்ததும் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கான்ஸ்டன்டைன் யோசித்தார். வேண்டாம், ஒப்பந்தத்தை முடிப்போம் என்று நிறுத்தியவர் நார்மா. தனிமையை அதிகம் சுமந்தவர் எவரோ, அவரேதான் இருப்போம் என்றும் சொன்னார்.

எங்கள் மலையிலிருந்தும் புருஷன் பெண்டாட்டியாகக் கேரளாவுக்கும் குடகுக்கும் மிளகு, காப்பி எஸ்டேட் வேலைக்கு இறங்குவது உண்டு. எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கூடப் போகிற பெண் அங்கே எப்படி இருக்கிறாள் என்று கேட்பவர் குறைவு. நார்மாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த நினைப்புதான் வந்தது.

அவர்கள் தங்கியதால் என்ன நடந்தது? 1929 முதல் 1937 வரை ஒன்பது பருவங்களில் நெல்சன் ஏழு முறை சாம்பியன். கொஞ்சம் கொஞ்சமாக ஊரே அவர்களைச் சொந்தமாக்கிக்கொண்டது. 1932இல் டிரினிடாட்டிலிருந்து வந்த எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸுக்கு அந்த வீடே அடைக்கலம். பக்கத்து ஊரான கோல்ன் அணிக்கு 1930களில் விளையாடியவர் நம் அமர் சிங். 1938இல் கான்ஸ்டன்டைன் ராச்டேல் அணிக்குப் போனபின், நெல்சனில் அவர் இடத்துக்கு வந்தவரும் நம்மவரே, லாலா அமர்நாத்.

1939இல் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. 18 டெஸ்ட், 635 ரன், 58 விக்கெட். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகத்தின் நல அதிகாரியாக லிவர்பூலில் பணி. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆலை வேலைக்கு வந்த டெக்னீஷியன்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் தங்க இடமும் நியாயமான வேலையும் வாங்கித் தருவது அவர் பொறுப்பு. நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் அலைந்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1943இல் லார்ட்ஸில் ஆட வந்தவர், மனைவி மகளோடு தங்க லண்டன் இம்பீரியல் ஹோட்டலில் நான்கு இரவுகளுக்கு முன்பதிவு செய்திருந்தார். போன பிறகு ஒரே இரவுதான் தங்கலாம் என்றார்கள். காரணம் அவர்கள் நிறம். போனால் போகிறது என்று அவர் விடவில்லை. நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் அப்போது அங்கே கிடையாது. ஆனால் தக்க காரணமில்லாமல் பயணியைச் சத்திரக்காரர் திருப்பி அனுப்பக் கூடாது என்ற பழைய பொதுச் சட்டம் இருந்தது. அதைப் பிடித்து வழக்குப் போட்டு 1944இல் வென்றார். கிடைத்த நஷ்டஈடு ஐந்தே கினி. ஆனால் தீர்ப்பு இன்றுவரை பேசப்படுகிறது.

அந்தப் பழைய வக்கீல் ஆசை? அதையும் விடவில்லை. ஐம்பது வயது தாண்டி, 1954இல் பாரிஸ்டர் ஆனார். அரியர் ரெண்டு விழுந்தாலே படிப்பு முடிஞ்சுது என்று சோர்ந்து போகிறோமே, நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இது. பிறகு ஊர் திரும்பி 1956இல் டிரினிடாட்டின் பொதுப்பணி, போக்குவரத்து அமைச்சர். 1961 முதல் 1964 வரை லண்டனில் தன் நாட்டின் தூதர். 1962இல் சர் பட்டம். 1969இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் வாழ்நாள் உறுப்பினரான முதல் கறுப்பினத்தவர். ஒரு காலத்தில் குமாஸ்தாவாகவே நின்றுவிட வேண்டியவர்!

பிரபு பட்டத்துக்கு அவர் இரண்டு ஊர்ப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒன்று வளர்ந்த மரவல். மற்றொன்று குடியேறிய நெல்சன். 1971 ஜூலை 1 அன்று அவர் மறைந்தார். இரண்டு மாதத்தில் நார்மாவும் போய்ச் சேர்ந்தார்.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை திருப்பூருக்குப் போவோம், சிலர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போவோம். ஒப்பந்தம் என்றால் அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அதற்குள் என்ன படித்தோம், யாருக்கு உதவினோம், கூட வந்தவரை எப்படி வைத்துக்கொண்டோம் என்பதுதான் கணக்கு. கான்ஸ்டன்டைன் தம்பதி அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள். நாமும் போடுவோம்!