பால் டின்னோடு மல்லுக்கு நின்ற டாக்டரம்மா

நம்ம பழைய லயத்து வீடுகளில் அடுப்பங்கரையில் ஒரு பால் டின் கட்டாயம் இருக்கும். மூடியில் இரண்டு ஓட்டை. எறும்பு ஏறாமலிருக்க ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் நிற்கும். கோப்பிக்கும் அதுதான், கைப்பிள்ளைக்கும் அதுதான். அம்மா விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்விடுவாள். ஆயாக்கொட்டகையில் கிடக்கும் பிள்ளைக்கு ஆயா அந்தப் பாலை வெந்நீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பாள். நம்மில் பலபேர் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

அந்த டின்னை எதிர்த்து இந்த மலாயா மண்ணில் முதலில் உரக்கக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் வெள்ளைக்கார டாக்டரம்மா. பெயர் சிசிலி வில்லியம்ஸ். அவர் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

பிறந்தது 1893 டிசம்பர் 2, ஜமைக்காத் தீவில். நிலபுலன் உள்ள குடும்பம். துரை வீட்டுப் பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதிலேயே அப்பா சொல்லிவிட்டாராம், உனக்கு மாப்பிள்ளை அமைவது கஷ்டம், டாக்டருக்குப் படித்துவிடு என்று. கேலியோ கவலையோ, பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டது. முதல் உலகப்போரில் ஆண்பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போனதால் ஆக்ஸ்போர்டு மருத்துவ வகுப்பில் இடம் இருந்தது. பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1923-ல் டாக்டரானார்.

1929-ல் ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் நாட்டில் வேலை. இன்று அதற்குக் கானா என்று பெயர். உத்தியோகப் பெயர் 'பெண் மருத்துவ அதிகாரி'. அந்தப் 'பெண்' என்ற ஒரு வார்த்தைக்காகச் சம்பளத்தில் வெட்டு. நமக்கு இது ஒன்றும் புதுக்கதை இல்லை.

அக்ரா நகர ஆஸ்பத்திரிக்கு ஒரு மாதிரியான பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகள். கால் வீங்கி, வயிறு உப்பி, தலைமுடி செம்பட்டையாகி, தோல் உரிந்து, சிரிப்பே இல்லாத முகம். அது வேறு ஏதோ பழைய நோய் என்று பெரிய டாக்டர்கள் சாதித்தார்கள். இந்த அம்மா அங்குள்ள தாய்மாரிடம் போய் உங்கள் பாஷையில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். குவாஷியோர்கோர் என்றார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்ததுக்கு வருகிற நோய் என்று பொருள். நம்ம பாட்டிமார் 'சவலைப் பிள்ளை' என்பார்களே, கிட்டத்தட்ட அதே கருத்து. தாய்ப்பால் நின்றது, கிடைத்ததெல்லாம் மக்காச்சோள மாவுக்கஞ்சி. வயிறு நிறைந்தது, புரதம் போன்ற சத்து கிடைக்கவில்லை. பட்டினி கிடந்தால்தான் நோய் வரும் என்றில்லை, வயிறு நிறையத் தின்றும் வரும் என்று எடுத்துக்காட்டினார். 1933-ல் கட்டுரை எழுதினார். 1935-ல் அந்த ஆப்பிரிக்கப் பெயரையே லண்டன் மருத்துவ ஏட்டில் ஏற்றிவிட்டார். படிப்பில்லாத தாய்மார் வைத்த பெயர் இன்று உலகத்து மருத்துவப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது.

மேலதிகாரிகளோடு ஒத்துப்போகவில்லை. 1936-ல் மலாயாவுக்கு மாற்றினார்கள்.

சிங்கப்பூரில் அவர் கண்டது வேறு வகைக் கொடுமை. நர்ஸ் மாதிரி வெள்ளை உடுப்புப் போட்ட பெண்களைப் பால் கம்பெனிகள் வீடு வீடாக அனுப்பின. பிள்ளை பெற்ற தாயிடம், உன் பாலைவிட டின் பால் உசத்தி என்று சொல்ல வைத்தன. நிஜ மிஸ்ஸி எது, சம்பளத்துக்கு வேஷம் போட்ட மிஸ்ஸி எது என்று அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்?

அந்த இனிப்புப் பாலில் என்ன கோளாறு என்று நாம் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். அதில் சர்க்கரை அதிகம். கொழுப்பு எடுத்த பாலில் செய்திருந்தால் ஏ வைட்டமினும் போய்விடும். அது குறைந்தால் பிள்ளைக்கு முதலில் மாலைக்கண், முற்றினால் குருடு. டின் விலை அதிகம் என்பதால் தாய் தண்ணீரைக் கூட்டி ஊற்றுவாள். தண்ணீரும் புட்டியும் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கு. மருந்து கொடுத்துப் போக்கை நிறுத்தினாலும் அதே புட்டி, அதே தண்ணீர். பத்து நாளில் பிள்ளை திரும்பவும் அதே மருந்துக்கடை வாசலில்.

இந்த இடத்தில் ஒரு சேதி. பிள்ளைக்குப் போக்கு கண்டால் பெரியவர்களுக்குக் கொடுக்கிற நிறுத்து மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள், ஆபத்து. கிளினிக்கில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தேக்கரண்டியால் தட்டையாக 6 சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு தவறக்கூடாது, உப்பு கூடினால் கெடுதல். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. 10 முதல் 14 நாள் துத்தநாக மருந்தும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை மிஸ்ஸியைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். பிள்ளை சோர்ந்து கண் குழிந்தால், மலத்தில் ரத்தம் கண்டால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தார் அவரைப் பேச அழைத்தார்கள். சங்கத் தலைவரோ ஒரு பெரிய பால் கம்பெனியின் தலைவர். அம்மா பேச்சுக்கு வைத்த தலைப்பு, பாலும் கொலையும்! தெரிந்தே தப்பான பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தால், அதனால் வரும் சாவைக் கொலைக் கணக்கில் வைக்க வேண்டும் என்று அந்தச் சபையிலேயே சொன்னார். தாயை அவர் ஏசவில்லை, விற்றவனைத்தான் ஏசினார். அதுதான் நமக்குப் பிடித்தது. நம்ம தோட்டத்தில் எத்தனை கூட்டத்தில் கேட்டிருக்கிறோம், தாய்க்குப் புத்தியில்லை, அதனால்தான் பிள்ளை நோஞ்சான் என்று. பால் கட்டி நெஞ்சு வலிக்க மரம் வெட்டிக்கொண்டு நின்றவளைக் கேட்டால் அல்லவா தெரியும்? இன்று சட்டத்தில் பிரசவ விடுப்பு 98 நாள், 2023 ஜனவரி முதல். அதற்கு முன் 60 நாள்தான்.

1941-ல் திரங்கானுவுக்கு மாற்றம். அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். சிங்கப்பூருக்குத் தப்பி வந்தார், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது. சாங்கிச் சிறையில் அடைபட்டார். பெண்கள் முகாமுக்கு அவரையே தலைவியாக வைத்தார்கள். 1943 அக்டோபருக்குப் பிறகு கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ச் சில மாதம் கூண்டில் போட்டது. சாகக் கிடந்த ஆண்களோடு ஒரே கூண்டில். வெளியே வந்தபோது சீதபேதி, பெரிபெரி.

பெரிபெரி என்றதும் நம்ம கோலாலம்பூர் ஞாபகம் வருகிறது. தீட்டிய வெள்ளை அரிசியையே தின்றால் பி1 வைட்டமின் இல்லாமல் கால் மரத்து, வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய் அது. சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் அதில் ஏராளமாகச் செத்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற தமிழ்த் தொழிலாளிக்கு அவ்வளவாக வரவில்லை. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் 1905 கடைசியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணி, பாதிப்பேருக்குச் சயாம் வெள்ளை அரிசி, பாதிப்பேருக்குப் புழுங்கல் அரிசி. ஒரு வருஷத்தில் வெள்ளை அரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியில் போனார்கள். புழுங்கல் அரிசிக்காரர்களில் ஒருத்தர்கூட அதில் சாகவில்லை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நம்ம கஞ்சிச் சட்டியில் இருந்த மருந்து அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. இன்று அதே சத்து மாத்திரையாகவும் ஊசியாகவும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

சாங்கியில் புழுங்கல் அரிசிக்கு எங்கே போவது? ஆனாலும் அந்தச் சிறையில் 20 பிள்ளைகள் பிறந்தன. புட்டியும் இல்லை, டின்னும் இல்லை. 20 பிள்ளைகளும் தாய்ப்பால் குடித்தன. 20-ம் பிழைத்தன. போர் முடிந்ததும் அதை அறிக்கையாகவே எழுதி வைத்தார்.

உடம்பு தேறியதும் மலாயாவுக்கே திரும்பித் தாய் சேய் நலப் பகுதிக்குத் தலைமை வகித்தார். 1948-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவி. பிறகு இந்தியா, ஜமைக்கா, பெய்ரூட் என்று ஓயாத சுற்றல். எங்கே போனாலும் நோய்க்கு மருந்து கொடுக்கிற ஆஸ்பத்திரியும் நோய் வராமல் பார்க்கிற கிளினிக்கும் ஒரே கூரையில் இருக்க வேண்டும், மிஸ்ஸிகள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார்.

1981-ல் பால்மாவு விளம்பரத்துக்கு உலக அளவில் ஒழுங்குமுறை வந்தபோது அவருக்கு வயது 87. 1986-ல் அந்தப் பழைய சிங்கப்பூர்ப் பேச்சைப் பினாங்கில் இருந்த பயனீட்டாளர் இயக்கத்தார் சிறு புத்தகமாக அச்சிட்டார்கள். பேசி 47 வருஷம் கழித்து!

1992 ஜூலை 13-ல் ஆக்ஸ்போர்டில் காலமானார். வயது 98. சாங்கியில் பெரிபெரி வந்து மரத்துப்போன கால்களில் அதற்குப் பிறகு உணர்ச்சி திரும்பவே இல்லை. அந்தக் கால்களோடுதான் இத்தனை நாடும் சுற்றியிருக்கிறார்.