பட்டறையில் படித்தவர்: ஜி. டி. நாயுடு



கோயம்புத்தூரில் செய்த மின்மோட்டார்கள் நம் மொரப்பூர் வட்டாரத்துக் கிணறுகளிலும் நீர் இறைப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தொழிலுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் ஜி. டி. நாயுடு. அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் சர்வேசுரன் தமக்குத் தந்த தாலந்தைப் புதைத்து வைக்காதவர்.

கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. படிப்பு பாதியிலே நின்றது. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டி! அதை அடையவேண்டும் என்ற ஆவலால் நகருக்குச் சென்று, ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்தார். வண்டியை வாங்கியதும் அதில் ஏறிச் சுற்றித் திரியவில்லை. அக்கக்காகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய கல்லூரி.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது யு. எம். எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் அவரும் பாலசுந்தரமும் சேர்ந்து செய்த மின்மோட்டார், நம் நாட்டிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று பெயர் பெற்றது. மின்சார முகச்சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்யமுடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என அன்றாட வாழ்வுக்கு உதவும் பலவற்றை அவர் ஆக்கினார்.

புதியது கண்டவருக்கு அரசாங்கம் காப்புரிமை வழங்குவதுண்டு. அவர் காலத்தில் இதற்கு 1911-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. கண்டவர் செய்முறையை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கவேண்டும். குறித்த ஆண்டுகள்வரை பலன் அவருக்கு. அதன்பின் அந்த அறிவு ஊருக்கெல்லாம் பொது. கற்றதை ஒளிக்கலாகாது என்ற நீதி அச்சட்டத்திலேயே அடங்கியிருக்கிறது. நாயுடுவோ தவணை முடியட்டும் என்று காத்திராமல், தம் வாழ்நாளிலேயே தொழிலறிவைப் பிறர்க்குக் கற்பிக்க முன்வந்தார். 1945-ல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தோன்ற அவரே காரணமானார்; அதன் முதல்வராகவும் அமர்ந்தார். பள்ளியை முடிக்காதவர் கல்லூரியை நடத்தினார்! ஆண்டுக்கணக்கில் இழுக்கும் படிப்பைக் குறைந்த காலத்தில் கற்பிக்கலாம் என்று வாதாடினார். அரசாங்கம் இசையவில்லை; அவர் விலகினார். 1974 ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார்.

பெற்றோரே, மதிப்பெண் குறைந்த மகனை உதவாக்கரை என்று ஏசுகிறீர்களே, அவன் பழுதான பம்பைப் பிரித்துச் சீராக்குவதைக் கவனித்தீர்களா? நம் ஆண்டவர் தச்சனுடைய மகன் என்றே அழைக்கப்பட்டார். அர்ச். சூசையப்பரின் பட்டறையை வணங்கும் நாம், பட்டறை வேலையை இழிவாகப் பேசலாமா?

பிள்ளைகளே, நாயுடு படிக்கவில்லையே, நாமும் பள்ளியை விட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள். அவர் விட்டது வகுப்பறையை மட்டுமே. புத்தகங்களைத் தாமே தேடிப் படித்தவர் அவர். சோம்பலுக்கு அவரைச் சாட்சியாக அழைப்பது பொய்ச்சாட்சியாகும்.

ஆகவே இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பாருங்கள். ஆண்டவர் அதில் எந்தத் தாலந்தை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அவர் கணக்குக் கேட்கும் நாளில், புதைத்தவர்கள் பட்டியலில் நாமும் நம் பிள்ளைகளும் இராதிருப்போமாக.

உங்கள் பங்குக்குரு