உடைந்த நுண்ணோக்கியும் ஒரு துளி இரத்தமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல்)

எங்கள் ஊர் நீலகிரி மலையின் வடக்கு அடிவாரத்தில், சீகூர்க் காட்டை ஒட்டி இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மலேரியா ஒட்டுண்ணியைப் பற்றிய பாடத்தின்போது, சர் ரொனால்டு ராஸ் என்ற பெயரோடு எங்கள் சீகூரின் பெயரும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ராஸ் 1857-ஆம் ஆண்டு மே 13 அன்று இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை படையில் உயர் அதிகாரி. மகனுக்கோ கவிதையிலும் ஓவியத்திலும்தான் நாட்டம். எனினும் தந்தையின் விருப்பத்துக்குப் பணிந்து லண்டனில் மருத்துவம் பயின்றார். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

மலேரியா ஒட்டுண்ணியை 1880-இலேயே அல்ஜீரியாவில் லாவரான் கண்டறிந்துவிட்டார். ஆனால் அது மனிதனுக்குள் எப்படிப் புகுகிறது என்பது எவருக்கும் தெரியவில்லை. 1894-இல் லண்டன் சென்ற ராஸுக்கு, பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் அவ்வொட்டுண்ணியை நுண்ணோக்கியில் காட்டினார். கொசுவின்மீது தமக்கிருந்த ஐயத்தையும் எடுத்துரைத்தார். அந்த ஐயமே ராஸின் வாழ்வை மாற்றியது.

1897-இல் உதகைக்கு வந்த ராஸ், காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர்ப் பகுதிக்கு இறங்கினார். கொசுவலைக்குள் உறங்கியும் காய்ச்சல் அவரை விடவில்லை. நோயை ஆராய வந்தவர் நோயாளியானார்! குணமடைந்து செகந்திராபாத் திரும்பியவர் வேலையை விடவில்லை. கடுங்கோடையில் விசிறிகூடப் போடாமல் அமர்ந்திருந்தார். காற்றுப் பட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடுமே! வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. கண்ணருகு வில்லையிலும் விரிசல் விழுந்திருந்தது. உசேன் கான் என்ற நோயாளி, கொசுவுக்கு ஓர் அணா வீதம் பெற்றுக்கொண்டு கடிபட்டார். அக்கொசுக்களில் ஒன்றின் இரைப்பைச் சுவரில்தான், ஆகஸ்டு 20 அன்று, ராஸ் ஒட்டுண்ணியின் கருநிறத் துகள்களைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவை மலேரியா கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியே பரவுவதையும் மெய்ப்பித்தார். 1902-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பலரும் இத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். என்னைக் கவர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டு அவர் செய்த சிறு காரியம். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தை மெல்லியதாகத் தேய்த்துப் பார்த்தால், ஒட்டுண்ணி குறைவாக உள்ளவரிடம் அதைத் தேடி நெடுநேரம் கண்களை வருத்த வேண்டும். ராஸ் இரத்தத் துளியைத் தடித்த படலமாகவே உலர்த்தி, சிவப்பு நிறத்தை நீரால் நீக்கிச் சாயமேற்றிப் பார்க்கும் முறையை 1903-இல் வெளியிட்டார். ஒரே பார்வையில் பல மடங்கு இரத்தத்தைச் சோதிக்க முடிந்தது. நோயறியும் நேரம் சுருங்கியது.

நேரம் என்ன அவ்வளவு பெரிதா என்று கேட்கலாம். என் அப்பா சிறுவனாக இருந்தபோது அவருடைய தங்கைக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போனார்கள். மலேரியா என்று முடிவு வந்தபோது அத்தை இல்லை. அவருக்கு வயது ஏழு. பாட்டி இன்றும் அதைச் சொல்லும்போது, காய்ச்சலைவிட அந்தக் காத்திருப்பைத்தான் அதிகம் சொல்லுவார். மலேரியாவின் கொடிய வகை, மருந்து கிடைக்காவிட்டால் ஒரே நாளில்கூட உயிருக்கு ஆபத்தாக முற்றிவிடும் என்று படித்தபோது, பாட்டியின் சொல்லுக்குப் பொருள் விளங்கியது.

இன்று விரைவுச் சோதனை அட்டை வந்துவிட்டது. விரல்நுனி இரத்தம் ஒரு துளி போதும். ஒட்டுண்ணியின் புரதத்தை அட்டையிலுள்ள எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ள, சுமார் இருபது நிமிடத்தில் கோடு தோன்றும். மின்சாரமும் வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம். குடிசைத் திண்ணையே ஆய்வுக்கூடம்! ஆயினும் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருந்தால் அட்டை ஏமாந்துவிடலாம். ஆகவே ராஸின் தடித்த படலத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது.

ராஸ் 1932 செப்டம்பர் 16 அன்று மறைந்தார். அவருக்குப் பட்டமும் பரிசும் கிடைத்தன; உசேன் கானுக்குக் கிடைத்தவை சில அணாக்களே. இருவரையும் நாம் மறக்கலாகாது. நண்பர்களே, செய்முறை வகுப்பில் இரத்தப் படலம் தேய்க்கும்போது மதிப்பெண்ணை மட்டும் எண்ணாதீர்கள். அந்தத் தகட்டின் மறுமுனையில், ஏதோ ஒரு மலையூரில், முடிவுக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள்.