சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன்... யார் இந்த டாக்டர் மேரி வர்கீஸ்?

பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் போய்க் கேட்டால், தென்னை மரத்தில் இருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, படுத்த படுக்கையான யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். விழுந்த அடியைவிட, அதுக்கு அப்புறம் இடுப்பிலும் பிட்டத்திலும் வர்ற படுக்கைப்புண்தான் இவர்களைப் பெரிதாக வாட்டும். எலும்பு தெரியும் அளவுக்குப் போன புண்ணைக்கூட ஆபரேஷன் செய்து மூட முடியும். ஆனா, மூடிய புண் திரும்ப வராமல் இருக்கணுமே? அந்த வேலைக்கு இந்தியாவில் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் மேரி வர்கீஸ். அவரும் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வாழ்ந்தவர்தான்.

ஒரு பிக்னிக், ஒரு விபத்து

1925-ல் கொச்சி அருகே செராயில் பிறந்த மேரி, டாக்டருக்குப் படித்தது நம்ம வேலூர் சி.எம்.சி.யில். மகப்பேறு மருத்துவர் ஆகணும் என்பதுதான் ஆசை. 1954-ல் சக டாக்டர்களோடு பிக்னிக் கிளம்பிய வண்டி விபத்தில் சிக்கியது. முகத்தில் ஆழமான காயம், முதுகுத்தண்டு சேதம். இனி நடக்க முடியாது என்ற நிலை வந்தபோது அவருக்கு வயசு 28.

அப்போது சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் மூலம் சரிசெய்து கொண்டிருந்தார் டாக்டர் பால் பிராண்ட். நம்ம கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம் என்று மேரிக்கு வழிகாட்டியவர் அவர்தான். மேரியும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கத்தியைக் கையில் எடுத்தார்.

இதில் ஒரு ஒற்றுமை இருக்கு. தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை. உணர்வு இல்லாததால் சூடு, வெட்டு எதுவும் தெரியாமல் காயமாகி சேதமடைகிறது. முதுகுத்தண்டு அடிபட்டவருக்கும் அதே கதைதான். நமக்கெல்லாம் கொஞ்ச நேரம் ஒரே பக்கம் உட்கார்ந்தாலே வலிக்கும், உடனே அசைந்து கொடுப்போம். அவருக்கு வலிக்காது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அந்த இடமே செத்துப்போகும்.

'ஃபிளாப்' ஆபரேஷன் என்றால் என்ன?

ஆழமான படுக்கைப்புண்ணில் செத்த சதையை முழுசா வெட்டி எடுப்பார்கள், தேவைப்பட்டால் துருத்தி நிற்கும் எலும்பையும் செதுக்குவார்கள். தொடையில் இருந்து மெல்லிய தோலை மட்டும் சீவி ஒட்டினால், உட்கார்ந்து எழும் இடத்தில் அது தாங்காது. அதனால் பக்கத்தில் இருக்கும் பிட்டம் அல்லது தொடைப் பகுதியில் இருந்து தோல், கொழுப்பு, தேவைப்பட்டால் தசையும் சேர்த்து, அதற்கான ரத்தக்குழாயோடு அப்படியே நகர்த்தி குழியை மூடுவார்கள். இதுதான் ஃபிளாப்.

இத்தனை செய்த பிறகும் பல வாரங்களுக்கு அந்த இடத்தில் பாரம் விழக்கூடாது. வீட்டுக்குப் போய் பழையபடி ஒரே பக்கம் படுத்தால் புண் மறுபடியும் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, நாற்காலியில் கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக் கொடுப்பது, தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது... இதெல்லாம் சொல்லிக் கொடுக்கணும். (நடுவில் ஓட்டை உள்ள காற்று டியூப் நல்லது என்று நம் வீடுகளில் வாங்கிப் போடுவார்கள். அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தையே கெடுக்கும் என்பதால் டாக்டர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை.)

மேரி கையில் எடுத்தது

ஆபரேஷனுக்கு அப்புறமான இந்தப் பாதி வேலைக்கு அந்தக் காலத்தில் நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் பெரிதாக இடமே இல்லை. மேரி முதலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்ள. பிறகு நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கிடம் பயிற்சி. திரும்பி வந்ததும் சி.எம்.சி.யில் அந்தத் துறைக்கே தலைவரானார்.

1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கி, குளிப்பது, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவது, ஒரு தொழில் செய்வது வரை பழகிக்கொள்ளும் இடம் அது. தங்களைப் போலவே சக்கர நாற்காலியில் வந்து நிற்கும் டாக்டரைப் பார்த்த நோயாளிகளுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

1972-ல் மேரிக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் வேலூரிலேயே காலமானார். பாகாயத்தில் உள்ள அந்த மையம் இப்போது மேரி வர்கீஸ் பெயரில்தான் இயங்குகிறது.