ஒளியை மருந்தாக்கியவர்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் நாட்டு வழக்கு. வெயிலின் அருமையை அறிந்து வளர்ந்தவர் நீல்சு ரைபர்க் பின்சன். கதிரவன் முகம் காட்டுவதே அரிதான பரோத் தீவுகளில், டோர்சவன் நகரில், 1860ஆம் ஆண்டு அவர் பிறந்தார். டென்மார்க்கின் விடுதிப் பள்ளி அவரை மந்தமான மாணவராகவே மதிப்பிட்டது. ஐசுலாந்தில் பள்ளிக்கல்வியை முடித்தபின், 1882இல் கோபன்கேகன் சென்று மருத்துவம் பயின்றார்.

அங்கேதான் நோய் அவரைப் பற்றியது. கல்லீரலையும் இதயத்தையும் மெல்ல இறுக்கிய அந்நோய் இறுதிவரை அவரை விடவில்லை. வடக்கு நோக்கிய வீட்டில் சோர்வுற்றுக் கிடந்த நாள்களில், வெயில் பட்டால் உடல் தெளிவதை உணர்ந்தார். அதற்குக் காரணம் என்ன என்ற வினா அவருள் வேரூன்றியது. 1893இல் உடற்கூற்றியல் பணியைத் துறந்து, ஒளி ஆய்விலேயே முழுமையாக ஈடுபட்டார்.

அக்காலத்து ஐரோப்பாவில் தோல் காசநோய் பலருடைய முகத்தை அரித்துச் சிதைத்தது. நோயுற்றோர் பிறர் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழ்ந்தனர். புற ஊதாக்கதிர்கள் நுண்ணுயிரிகளை அழிக்கும் என்பது முன்பே அறியப்பட்ட செய்தி. ஆயினும் அக்கதிர்களைத் தோலின் உள்ளே செலுத்துவது எங்ஙனம்? தடையாய் நின்றது குருதியே. காதுமடலின் ஒருபுறம் ஒளிப்படத்தாளை வைத்து, மறுபுறம் வெயில் படச் செய்தார் பின்சன்; தாள் கருக்கவில்லை. மடலைக் கண்ணாடித் தகடுகளால் அழுத்திக் குருதியை விலக்கியதும் தாள் விரைவில் கருத்தது. எளிய ஆய்வுதான், அவருடைய மருத்துவமுறை முழுவதற்கும் அடித்தளம் அதுவே.

1895இல், எம்மருந்துக்கும் கட்டுப்படாத தோல் காசநோயால் வருந்திய பொறியாளர் ஒருவருக்கு மின்வில் விளக்கின் ஒளியைச் செலுத்தினார். படிகக்கல் வில்லைகள் ஒளியைக் குவித்தன; இடையே வைத்த நீர் வெப்பத்தைத் தணித்தது; தோலின்மீது அழுத்திய வில்லை குருதியை விலக்கியது. நாள்தோறும் நெடுநேரம், பல மாதங்கள் தொடர வேண்டிய சிகிச்சை அது. புண்கள் ஆறின. அடுத்த ஆண்டே கோபன்கேகனில் பின்சன் ஒளி நிலையம் தோன்றியது. டென்மார்க்கில் பிறந்த அலெக்சாண்டிரா, அவ்விளக்கை இலண்டன் மருத்துவமனைக்கு வழங்கினார். பெரியம்மை நோயாளரைச் செந்நிற ஒளியில் வைக்கும் அவருடைய மற்றொரு முறையைப் பிற்கால மருத்துவம் ஏற்கவில்லை.

பின்சன் விலக்கிய குருதியையே ஒளியில் நனைக்கும் முறை 1980களில் அமெரிக்காவில் உருவானது. நோயாளியின் குருதியிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, ஒளியுணர் மருந்து சேர்த்து, புற ஊதாக்கதிர் படச்செய்து, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். தோலைத் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும், மாற்று எலும்புமச்சையின் அணுக்கள் ஏற்றவரின் உடலையே தாக்கும் நிலைக்கும் இம்முறை பயன்படுகிறது.

1903இல் பின்சனுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். பரிசுத்தொகையின் பெரும்பகுதியை மருத்துவப் பணிகளுக்கே அளித்தார். வயிற்றில் தேங்கிய நீரை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் வெளியேற்றினர். அவரோ தாம் உண்டதையும் பருகியதையும் அளந்து குறித்து, தம் உடலையே ஆய்வுக்களமாக்கினார். உடலில் உப்புத் தேங்குவது குறித்து 1904இல் அவர் வெளியிட்ட கட்டுரை அக்குறிப்புகளிலிருந்து பிறந்ததே. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள், 43ஆம் வயதில் அவர் மறைந்தார்.