இரண்டு கடல்களைச் சேர்க்க நினைத்த இளவரசர்... தாரா ஷிகோவைத் தெரியுமா?

டெல்லிக்கு டூர் போனால் ஹுமாயூன் கல்லறை முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்திருப்பீங்க. அந்த வளாகத்துக்குள் பெயர் பொறிக்காத கல்லறைகள் நிறைய இருக்கு. அதில் ஏதோ ஒன்றில்தான் தாரா ஷிகோ உறங்குகிறார். டெல்லியின் அடுத்த பாதுஷாவாக வந்திருக்க வேண்டிய மனிதர்!

1615-ல் அஜ்மீரில் பிறந்த தாரா, ஷாஜகான் - மும்தாஜ் தம்பதியின் மூத்த மகன். அப்பாவுக்கு ரொம்பச் செல்லம். தம்பிகளைத் தூர மாகாணங்களுக்கு அனுப்பிய ஷாஜகான், இவரை மட்டும் பக்கத்திலேயே வெச்சுக்கிட்டார்.

ஆனா, தாராவுக்குப் பிடிச்சது வாள் இல்லை, புத்தகம். லாகூரின் சூஃபி ஞானி மியான் மீர் மேல் பெரிய மரியாதை. அவருடைய சீடர் முல்லா ஷாதான் தாராவுக்கும் அக்கா ஜஹானாராவுக்கும் குரு. 1653-ல் கந்தஹாரைப் பிடிக்க முடியாமல் திரும்பிய தாரா, லாகூரில் பாபா லால் என்ற இந்துத் துறவியோடு உட்கார்ந்து பேசினார். சிலை வழிபாட்டுக்கு என்ன அர்த்தம் என்பது உட்பட, மனசுல இருந்த கேள்விகளை எல்லாம் நேரடியா கேட்டார். வாதாடி ஜெயிக்க இல்லைங்க, புரிஞ்சுக்க!

அப்புறம் ஒரு சின்ன நூல் எழுதினார். பெயர், மஜ்மா-உல்-பஹ்ரைன். அதாவது, இரு கடல்களின் சங்கமம். பஞ்சபூதம், ஆன்மா, ஒளி என ஒவ்வொரு விஷயத்துக்கும் சூஃபிகள் என்ன சொல்கிறார்கள், வேதாந்திகள் என்ன சொல்கிறார்கள் எனப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வார்த்தைதான் வேறே தவிர, தேடுற உண்மை ஒண்ணுதான் என்பது அவர் முடிவு.

1657-ல் காசிப் பண்டிதர்களின் உதவியோடு சுமார் 50 உபநிடதங்களைப் பாரசீக மொழிக்குக் கொண்டுவந்தார். ஆறே மாசத்துல!

அதே வருஷம் ஷாஜகான் நோயில் விழ, அண்ணன் தம்பிகளுக்குள் அரியணைப் போர். தாராவிடம் குறைகளும் இருந்தன. போர் அனுபவம் குறைவு. பிரபுக்களை மதிக்காத கர்வமும் உண்டு. 1658-ல் ஆக்ரா அருகே சமூகர் போரில் ஔரங்கசீப்பிடம் தோற்று, ஊர் ஊராக ஓடினார். வழியில் மனைவி நாதிரா பானு இறந்துபோனார். மியான் மீர் அடக்கமான லாகூரிலேயே அவரையும் அடக்கம் செய்யணும் என்று, தன்னோடு மிச்சமிருந்த விசுவாசமான வீரர்களையும் உடலோடு அனுப்பிவைத்தார் தாரா. அடைக்கலம் கொடுத்த மாலிக் ஜீவன், ஒரு காலத்தில் தாரா மரண தண்டனையிலிருந்து காப்பாற்றிய ஆள். அவனே பிடிச்சுக் கொடுத்துட்டான்!

அழுக்குத் துணியோடு யானை மேல் ஏற்றி டெல்லித் தெருக்களில் ஊர்வலம் விட்டார்கள். ஜனங்க கதறி அழுதாங்க. மார்க்கத்தை விட்டு விலகியவர் என்று குற்றம் சுமத்தி, 1659-ல் கொன்றார்கள். நிஜக் காரணம் நாற்காலி. ஆனா, அதற்கு வசதியாக் கிடைத்த சாக்கு, அவர் எழுதிய நூல்கள்.

மனுஷனைத்தான் கொல்ல முடிஞ்சது. அந்தப் பாரசீக உபநிடதம் பிரான்ஸ் போய், ஆங்கெத்தில் துபெரோன் என்ற அறிஞர் கையால் லத்தீனில் 1801-ல் வெளிவரத் தொடங்கியது. ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பனாவர் அதைத் தன் வாழ்நாள் ஆறுதலாகவே நினைத்தார். ஐரோப்பாவுக்கு உபநிடதம் அறிமுகமானது இப்படித்தான்.

ஒண்ணு கவனிச்சீங்களா? தாரா தன் மதத்தை விட்டு வெளியே வரவே இல்லை. கடைசிவரை முஸ்லிமாகவே இருந்துகொண்டு, அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டினார். நாம பக்கத்து வீட்டில் பிரியாணியும் பலகாரமும் வாங்கிச் சாப்பிடுறோம். ஆனா, அவங்க ஏன் நோன்பு இருக்காங்க, ஏன் விரதம் இருக்காங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சில் என்ன வேண்டிக்கிறாங்க என்று ஒருநாளாவது கேட்டிருக்கோமா?

அடுத்த பண்டிகைக்குத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, ஒரு கேள்வியையும் எடுத்துட்டுப் போங்க. அவங்க சொல்றதைப் பொறுமையா கேளுங்க. தாரா செஞ்சதும் அதைத்தான்.