விட்டதைப் பிடிக்கப் போன கணித மேதை

(இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)



மலருக்குக் கட்டுரை கேட்டபோது விஸ்வேஸ்வரய்யாவா, அப்துல் கலாமா என்று முதலில் யோசித்தேன். அவர்களைப் பற்றி எழுத நம் கல்லூரியில் என்னைவிட நல்ல கைகள் இருக்கின்றன. நான் எழுத வந்தது ஒரு சூதாடியைப் பற்றி! பயந்துவிட வேண்டாம். அவர் மருத்துவர், பேராசிரியர், கணித மேதை எல்லாமும்தான். பெயர் ஜிரோலாமோ கார்டானோ. இத்தாலி நாட்டுக்காரர். 1501ல் பிறந்து 1576ல் மறைந்தவர்.

நமக்கு அவர் அந்நியர் அல்ல. லாரியின் கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டுக்கு கார்டன் ஷாஃப்ட் என்று இன்னொரு பெயர் உண்டு. பைபாஸ் ரோட்டோர ஒர்க்‌ஷாப்புகளில் யு.ஜே. கிராஸ் போய்விட்டது என்று கழற்றிப் போடுகிறார்களே, அந்த ஜாயின்ட்டும் இவர் பெயரில்தான் இருக்கிறது. உள்ளதைச் சொன்னால் அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நடுவில் இருக்கும் திசைகாட்டி சாயாமல் நிற்கச் செய்யும் வளைய அமைப்பைப் பற்றித் தம் புத்தகத்தில் எழுதினார். அந்த அமைப்பும் அவருக்கு வெகுகாலம் முன்பே இருந்ததுதான். சுழற்சியைக் கடத்த அதைப் பயன்படுத்தியவர் 100 வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த ராபர்ட் ஹூக். ஆனால் பெயர் கார்டானோவிடம் ஒட்டிக்கொண்டது. அவர் வாழ்க்கையில் அதிர்ஷ்டம் அடித்த சில இடங்களில் இதுவும் ஒன்று.

1550ல் வந்த அவருடைய புத்தகத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாவி இல்லாமல், எழுத்து வளையங்களைச் சுழற்றித் திறக்கும் பூட்டு! பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவரின் மகன் நான். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். மாங்காய் பூட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வரியைப் படித்ததும் இந்த மனிதர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். ஆனால் அவரைத் தேடிப் போன காரணம் பூட்டு அல்ல. அது வேறு. அதையும் சொல்கிறேன்.

கார்டானோவின் தந்தை ஃபாஸியோ மிலான் நகரத்து வக்கீல், கணிதமும் தெரிந்தவர். ஓவியர் லியோனார்டோ டாவின்சிக்கே கணிதத்தில் யோசனை சொன்னவர். தாய் கியாரா. கார்டானோ பிறந்தபோது இருவருக்கும் திருமணம் ஆகியிருக்கவில்லை. அந்த ஒரு காரணம் பாதி வாழ்நாள் வரை அவரைத் துரத்தியது. பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். பட்டம் தருவதற்கான ஓட்டெடுப்பில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறைதான் தேறினார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!) படிக்கும்போதே தந்தை இறந்தார். விட்டுப்போன கொஞ்சம் பணமும் கரைந்தது. செலவுக்கு என்ன செய்வது? பகடை, சீட்டு, சதுரங்கம். மற்றவர்கள் கைராசியை நம்பி ஆடியபோது இவர் எண்ணிப் பார்த்து ஆடினார். ஆரம்பத்தில் போட்டதைவிட எடுத்தது அதிகம். வினையே அதில்தான் வந்தது.

ஒருமுறை வெனிஸ் நகரில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஆடியபோது பணம், மோதிரம், உடுப்பு என எல்லாவற்றையும் இழந்தார். அடுத்த நாள் மறுபடி போய் உட்கார்ந்தார். சீட்டில் அடையாளம் வைத்திருப்பதைக் கண்டுபிடித்ததும் கத்தியை உருவி அந்த மனிதர் முகத்தில் கீறிவிட்டு, தம் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அன்றிரவு கால்வாயில் தவறி விழுந்தார். அந்த வழியாக வந்த படகு ஒன்று அவரைத் தூக்கியது. படகில் யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? முகத்தில் கட்டுப் போட்ட அதே பெரிய மனிதர்! அவர் கோபப்படாமல் மாற்று உடை கொடுத்தாராம். இதையெல்லாம் கார்டானோவே தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து வந்ததுதான் நீண்ட தோல்விக் காலம். மிலான் மருத்துவர் சங்கம், பிறப்பைக் காரணம் காட்டி அவரைச் சேர்க்க மறுத்தது. சங்கத்தில் இல்லாமல் அந்த ஊரில் முறைப்படி வைத்தியம் பார்க்க முடியாது. சாக்கோ என்ற சிற்றூரில் போய் இருந்தார். 1531ல் லூசியாவை மணந்தார். அடுத்த வருஷம் மிலானுக்குப் பக்கத்தில் கல்லராத்தே என்ற ஊருக்கு மாறினார். மறுபடி சங்கத்துக்கு விண்ணப்பம், மறுபடி மறுப்பு. வருமானம் இல்லை. 1533ல் திரும்பவும் சூதாட்டப் பலகைக்கே போனார். இந்த முறை தோல்வி மேல் தோல்வி. மனைவியின் நகை அடகுக்குப் போனது. அப்புறம் வீட்டுச் சாமான். கடைசியில் குடும்பத்தோடு ஏழைகள் விடுதியில் போய்ச் சேர்ந்தார்கள். கட்டிய மனைவியையே பணயம் வைத்த தருமரின் கதை நமக்குத் தெரியும். இங்கே ஆடியவர் அன்றைய உலகில் வாய்ப்புகளை எண்ணத் தெரிந்த வெகு சிலரில் ஒருவர். அவரே அப்படி விழுந்தார் என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சித்தப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவர். லோடு ஏற்றும் வரை காத்திருக்கும் இரவுகளில் போனில் சீட்டாடப் பழகினார். முதலில் ரம்மி, பிறகு போக்கர். ஒருநாள் ராத்திரி என்னை எழுப்பி, பத்து ஆட்டம் தொடர்ந்து போய்விட்டது, நீ படிச்சவன், எப்போ திரும்பும் என்று கணக்குப் போட்டுச் சொல்லு என்றார். நானும் பெருமையாக நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு ஆட்டமும் பாதிக்குப் பாதி என்றால் 11 முறை தொடர்ந்து தோற்பதற்கு 2048ல் ஒரு வாய்ப்புதான். ஆகவே அடுத்தது ஜெயம் என்று எழுதிக் காட்டினேன். சித்தியின் கம்மல் அந்த வாரம் அடகுக் கடைக்குப் போனது.

என் பெருக்கல் சரிதான். புரிந்துகொண்டதுதான் தப்பு. 2048ல் ஒன்று என்பது ஆட்டம் தொடங்கும் முன்பு சொல்ல வேண்டிய கணக்கு. பத்து தோல்வி ஏற்கெனவே நடந்து முடிந்த பிறகு, பதினோராவது ஆட்டம் பழையபடி பாதிக்குப் பாதிதான். முன்னால் என்ன நடந்தது என்று சீட்டுக்கட்டுக்கு ஞாபகம் கிடையாது. நமக்குக் கடன்படவும் இல்லை. நம் பக்கத்து மானாவாரிக் காட்டில் மூன்று போர் போட்டுப் புழுதி மட்டும் வந்தாலும், நாலாவதில் தண்ணி வந்துதானே ஆகணும் என்று நிலத்தை அடகு வைப்பார்கள். அதே எண்ணம்தான்.

இந்த இடத்தில்தான் கார்டானோ எனக்குப் பிடித்துப்போனார். அவரும் முதலில் தப்பாகத்தான் கணக்குப் போட்டார்! பகடைக்கு ஆறு முகம். வேண்டிய எண் விழப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் ஆறில் பாதி, அதாவது 3 முறை உருட்டினால் போதும் என்று நினைத்தார். அப்படியானால் 6 முறை உருட்டினால் கட்டாயம் விழ வேண்டுமே? விழாது என்பது தாயம் ஆடிய நம் பாட்டிகளுக்கே தெரியும். சரியான கணக்கு இது: 3 முறையில் 100க்கு 42 வாய்ப்பு, 4 முறையில் 52. தாயக்கட்டைக்கே போட்டுப் பார்த்தேன். 0, 1, 2, 3 என்று முகங்கள் உள்ள இரண்டு கட்டையில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. 10 முறை உருட்டியும் தாயம் விழாமல் போக 100க்கு 26. இருபது முறையும் விழாமல் போக 100க்கு 7. கட்டையில் எந்தக் கோளாறும் இல்லாமலே இப்படி நடக்கும்.

கார்டானோ இதே புத்தகத்தில் பின்னால் போகப் போகத் தம்மைத் திருத்திக்கொள்கிறார். இரண்டு பகடைக்கு 36 விதம், மூன்றுக்கு 216 விதம் என்று எண்ணினார். ஒரே விளைவு திரும்பத் திரும்ப வருவதற்கு வாய்ப்பைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும் என்ற விதியைக் கண்டார். போக்கரின் மூதாதைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் பிரிமெரா என்ற சீட்டாட்டத்தையும் ஆராய்ந்தார். உலகில் நிகழ்தகவைப் பற்றி எழுதப்பட்ட முதல் முறையான நூல் இதுதான் என்றால் மிகையாகாது. வேடிக்கை என்னவென்றால், பழைய தப்பை அவர் அடித்துவிடவில்லை. தப்பும் திருத்தமும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

பத்தாம் வகுப்பில் விலக்க வர்க்கச் சராசரி, திட்டவிலக்கம் என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம். தோல்வித் தொடரைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி. இருவருக்கும் சம வாய்ப்புள்ள 1000 ஆட்டம் ஆடினால், நடுவில் எங்காவது 7 தோல்வி தொடர்ந்து வருவதற்கு 100க்கு 98 வாய்ப்பு. பத்து தோல்வி தொடர்ந்து வரவே 100க்கு 39. ஆகவே தோல்வித் தொடர் என்பது சாபமும் அல்ல, யாரோ செய்த மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இன்னொன்று. ரொம்ப நாள் ஆடினால் சரியாகிவிடும் என்பார்கள். எது சரியாகும்? விகிதம் சரியாகும், பாக்கி சரியாகாது. ஆட்டத்துக்கு 100 ரூபாய் வீதம் 100 ஆட்டம் ஆடினால், திட்டவிலக்கம் 1,000 ரூபாய். 10,000 ஆட்டம் ஆடினால் 10,000 ரூபாய். ஜெயிப்பது பாதிக்குப் பாதியை நெருங்கிக்கொண்டே போகும்போது, கையை விட்டுப் போன ரூபாயோ கூடிக்கொண்டே போகலாம். போக்கரில் திறமைக்கு இடம் உண்டுதான். ஆனால் திறமைசாலிக்கும் மாதக்கணக்கில் தோல்வி வரும். இதற்கு மேல் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடத்துகிறவன் கமிஷன் எடுக்கிறான். சமமான ஆட்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டே இருந்தால் எல்லோரும் மெல்லத் தேய வேண்டியதுதான். தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு என்று ஒரு யோசனை சொல்வார்கள். 10 ரூபாயில் ஆரம்பித்துப் பத்து முறை தோற்றால் போனது 10,230 ரூபாய். பதினோராவதில் 10,240 கட்டி ஜெயித்தாலும் மொத்த லாபம் 10 ரூபாய்!

கார்டானோவுக்கு விடிவு வந்தது பகடையால் அல்ல. அப்பா பார்த்த கணித ஆசிரியர் வேலை மிலானில் கிடைத்தது. ஓய்வு நேரத்தில் நோயாளிகளைப் பார்த்தார், பெயர் பரவியது. 1539ல் அதே மருத்துவர் சங்கம் கதவைத் திறந்தது. 1545ல் மூன்றாம், நான்காம் படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு சொல்லும் மகத்தான நூலை வெளியிட்டார். வெளியே சொல்ல மாட்டேன் என்று தார்த்தாக்லியாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அச்சிட்டார் என்று பெரிய சண்டை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். எதிர்ம எண்ணின் வர்க்கமூலத்தை அவர் அந்த நூலில் தயங்கித் தயங்கித் தொட்டார். இ.இ.இ. நண்பர்கள் போடும் ஜே அங்கிருந்துதான் கிளம்பியது. 1552ல் ஸ்காட்லாந்து வரை போய் ஒரு பேராயரின் மூச்சிரைப்பைக் குணமாக்கித் தங்கமாக வாங்கி வந்தார்.

இத்தனைக்குப் பிறகும் அவர் ஆட்டத்தை விடவில்லை. சதுரங்கம் சுமார் 40 வருஷம், பகடை சுமார் 25 வருஷம் ஆடியதாக அவரே வெட்கத்தோடு எழுதுகிறார். பணம் போனதைவிட நேரமும் மரியாதையும் போனதற்குத்தான் அதிகம் வருந்துகிறார். சூதில் கிடைக்கும் பெரிய லாபம் ஆடாமல் இருப்பதுதான் என்று எழுதிய அதே கைதான் பகடையையும் உருட்டியது. கணக்குத் தெரிந்தால் நிறுத்திவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். தெரிவது வேறு, நிறுத்துவது வேறு போலும்.

மூத்த மகன் மனைவிக்கு விஷம் வைத்த குற்றத்துக்காக 1560ல் தலை வெட்டப்பட்டான். இளைய மகன் ஆல்தோ சூதாடி. அப்பா வீட்டிலேயே திருடினான். தந்தையே அவன்மேல் புகார் கொடுத்து ஊரைவிட்டு அனுப்ப வேண்டி வந்தது. 1570ல் ஏசுநாதருக்கு ஜாதகம் கணித்தது உட்படப் பல காரணங்களுக்காகத் திருச்சபை கார்டானோவைச் சிறையில் வைத்தது. விடுதலையானபின் ரோமில் கடைசி வருஷங்களைக் கழித்து, சுயசரிதை எழுதி, 1576 செப்டம்பரில் கண்ணை மூடினார். பகடைப் புத்தகம் அவர் இருக்கும்வரை அச்சேறவில்லை. 1663ல்தான் வெளிவந்தது. அதற்குள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654ல் கடிதம் எழுதிக்கொண்டே அந்தக் கணக்கைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் அவர்களுக்குப் போனது.

நம் தமிழக அரசு 2022ல் இணைய சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அந்தத் தடையிலிருந்து அவற்றை விலக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சித்தப்பா போனில் ஆட்டம் நின்றது. கணக்கு மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. விட்டது இவ்வளவு, பிடிக்க வேண்டியது இவ்வளவு என்று.

போன பொங்கல் லீவில் அந்தப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு சித்தப்பா என்றேன். அவர் நம்பவில்லை. நீ ஆறுதலுக்குச் சொல்ற என்றார். சித்தி பரணிலிருந்து தாயக்கட்டையை எடுத்துப் போட்டார். சித்தப்பா உருட்டினார். நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பதினேழு கோடு வரை தாயம் விழவில்லை. அடுத்தது விழுமா என்று கேட்டார். தெரியாது, எட்டில் ஒன்று என்றேன். கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் உருட்டாமலே கீழே வைத்துவிட்டு, கம்மலுக்கு இந்த மாசம் வட்டி எவ்வளவு என்று பார்த்துச் சொல்லு என்று ரசீதை என்னிடம் நீட்டினார்.